யாரும் வராத பெயர்

கரோலின் தன் மகளை முதன்முதலாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட காலையில், ஹைதராபாத் லோத்குண்டாவில் அவர்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே சாராக்கள் வந்து நின்றார்கள். முதலில் வந்தது வீட்டுக்குள்ளேயே இருந்த சாரா, அதாவது கரோலினின் மாமியார். குளியலறையிலிருந்து தலையில் ஷாம்பு நுரையோடு, நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். அடுத்து எதிர் வரிசையில் டியூஷன் எடுக்கும் சாரா டீச்சர். பிறகு போலாரத்திலிருந்து இரண்டு பேர் ஒரே ஸ்கூட்டரில், திருமலகிரியிலிருந்து கையுறையைக் கழற்றாமல் ஒரு நர்ஸ், லால் பஜாரிலிருந்து பிரியாணிக் கரண்டியோடு ஒரு சாரா பேகம், பியூட்டி பார்லரில் ஒரு புருவம் மட்டும் திருத்திய நிலையில் எழுந்து வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி. சற்று நேரத்தில் தெரு கொள்ளவில்லை. யாரோ என்னைக் கூப்பிட்டார்களே என்று எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். யாருக்கும் கோபமில்லை. மாமனார் ஜார்ஜ் பெரிய குக்கரை அடுப்பில் ஏற்றி எல்லோருக்கும் டீ போட்டார். கூடத்தில் பாயில் கிடந்த நான்கு மாதக் குழந்தை மட்டும் கூப்பிட்ட பக்கம் திரும்பவேயில்லை. அது மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தக் குடும்பத்தில் குழந்தைக்குப் பெயர் வைக்க ஒரு முறை உண்டு. அதற்கு ஹாஜிரி, அதாவது ஆஜர் பார்ப்பது, என்று பேர். ஜார்ஜின் தாத்தாவுக்குத் தாத்தா மதராஸிலிருந்து ஒரு பட்டாளத்தோடு நடந்தே போலாரத்துக்கு வந்தவர். தினமும் காலையில் சிப்பாய்களின் பெயரை உரக்கக் கூப்பிடுவது அவர் வேலை. குரல் கொடுக்காதவன் அன்றைக்கு இல்லாதவன். வீட்டிலும் அப்படித்தான் என்று அவர் முடிவு செய்துவிட்டார். குழந்தைக்குக் கழுத்து நின்றதும், ஞானஸ்நானத்துக்கு முன்னால் ஒரு நாள், தாய் கேட்டுக்கு வெளியே நின்று, வைக்கப்போகும் பெயரைச் சொல்லி உள்ளே பார்த்துக் கூப்பிட வேண்டும். குழந்தை திரும்பினால் பெயர் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம், போதகரிடம் போய்ச் சொல்லலாம். திரும்பாவிட்டால் வேறு பெயர் பார்க்க வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடும் குரல் அதே பெயருள்ள எல்லோருக்கும் போய்க் கேட்கும் என்பதும் அந்தத் தாத்தா காலத்திலிருந்தே உள்ளதுதான். அப்போது கன்டோன்மென்டில் ஆள் குறைவு, ஆளுக்கொரு பெயர் இருந்தது, அதனால் தொந்தரவில்லை. கரோலினின் கணவன் கலேப் பிறந்தபோதுகூட ஊரில் வேறு கலேப் கிடையாது. பிறகு ஆல்வாலில் ஒரு கலேப் குடிவந்தார், வங்கியில் வேலை. மகன்மேல் கோபம் வந்து சாரா கத்தும்போதெல்லாம் அவரும் ஹெல்மெட்டோடு வந்து நிற்பார். வந்ததற்கு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

ஒரே ஒரு முறை இந்த வழக்கத்தை மீறினார்கள். ஜார்ஜின் தங்கைக்கு கிரேஸ் என்று பெயர் பார்த்தபோது குழந்தை திரும்பவில்லை. ஆனால் அதற்குள் கேக்குக்குச் சொல்லியாகிவிட்டது, நாக்பூரிலிருந்து மாமன்மார் வந்திறங்கிவிட்டார்கள். போகட்டும் என்று அதே பெயரை வைத்துவிட்டார்கள். கிரேஸுக்குக் காதில் ஒரு குறையும் இல்லை. பால்காரரின் சைக்கிள் மணி கேட்கும், பக்கத்து வீட்டு ரேடியோ கேட்கும், தன் பெயர் மட்டும் கேட்காது. தோளைத் தொட்டுத்தான் பேச வேண்டும். ஜார்ஜின் அம்மா கடைசியாகக் கண்ணை மூடுவதற்கு முன் மகளை இரண்டு முறை கூப்பிட்டாள். மவுலாலி ரயில்வே குடியிருப்பிலிருந்து வேறொரு கிரேஸ் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகள் கிரேஸ் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கரோலின் கல்யாணமாகி வந்த புதிதில் ஜார்ஜ் இதைச் சொல்லியிருக்கிறார். தமிழ்நாட்டில் நாசரேத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்து, மாதாப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்த கரோலின் அப்போது அதை எல்லாக் குடும்பத்திலும் உள்ள ஒரு கதை என்று கேட்டுக்கொண்டாள். இப்போது சாராக்கள் எல்லோரும் டீ குடித்துவிட்டுப் போன பிறகு, இன்னும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்த மகளைத் தூக்கி மடியில் போட்டபோது, தான் சாகக் கிடப்பதையும், முன்பின் தெரியாத யாரோ ஒருத்தி வந்து தன் கையைப் பிடிப்பதையும் அவளால் தெளிவாகப் பார்க்க முடிந்தது. ஏதோ வேலையைப் பாதியில் விட்டு வந்த அந்தக் கை ஈரமாக இருந்தது.

மூத்த பேத்திக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயர் என்பது அந்த வீட்டில் பேச்சே தேவைப்படாத விஷயம். ஆகவே சாராவுக்கு மனசு விட்டுப்போயிற்று. அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் குழம்பைப் பரிமாறிக்கொண்டே, யாரிடமும் பேசாததுபோலப் பேசினாள்.

"எம்பேருக்கு என்னா கம்மி? பைபிள்ல இருக்கிற பேரு. கொழந்த திரும்பலன்னா நா என்னா பண்றது, ஃபேனை பாக்குது."

"கம்மி இல்ல அத்தை," என்றாள் கரோலின். "கூடிப்போச்சு. அதான் சங்கடம்."

ஜார்ஜ் அதை விளக்கினார். கூப்பாடு என்பது லோத்குண்டாவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் தண்ணீர் மாதிரி. வழியில் எல்லா வீட்டுக் குழாய்க்கும் போய்விட்டு, கடைசி வீட்டுக்கு வரும்போது வெறும் காற்றுதான் வரும். அவ்வளவு சாராக்களும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனபின் குழந்தைக்கு என்ன மிஞ்சும். சாரா குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆனால் மறுவாரம் சனிக்கிழமை அந்தச் சாராக்களில் நாலைந்து பேர் கூப்பிடாமலே வந்தார்கள், வந்தது நன்றாக இருந்தது என்றார்கள். மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மாலை வரை பேசினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு தன்னை யாருமே சாரா என்று கூப்பிட்டதில்லை என்றும், ஜார்ஜுக்கு இத்தனை வருஷமாகத் தன் பெயர் 'இங்க பாரு' என்பதுதான் என்றும் மாமியார் சொன்னது கரோலினுக்குக் காற்றுவாக்கில் கேட்டது. அதற்கு நர்ஸ் சாரா, தன் வீட்டுக்காரருக்கு அந்த இரண்டு வார்த்தைகூட வராது, தொண்டையைத்தான் கனைப்பார் என்றாள். அன்றிலிருந்து சனிக்கிழமை அந்த வீட்டு மாடியில் சாராக்களின் நாளாகிவிட்டது. மாமியாரின் முகம் தெளிந்தது. பெயர் விஷயத்தில் மட்டும் தெளியவில்லை.

பெயர் தேடும் வேலை தொடர்ந்தது. கலேப் பாலாநகரில் விமானத்துக்கான மின்னணுச் சாமான் செய்யும் ஆலையில் வேலை பார்த்தான். எதையும் சோதித்துப் பார்த்துக் கழிக்கும் புத்தி அவனுக்கு. போனில் பெயர்களைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்வான், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் கரோலின் கேட்டில் நின்று கூப்பிடுவாள். ஏஞ்சல் என்று கூப்பிட்ட வாரம் பெண்களோடு ஒரு லேப்ரடார் நாயும் வந்தது, அதன் பின்னால் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கர்னலும் வந்தார். கரோலினோடு வேலை செய்யும் சுபாஸ்ரீ, அவள் கும்பகோணத்துக்காரி, ஆத்யா என்ற பெயர் புதுசு, யாரும் அதிகம் வைக்கவில்லை என்று அடித்துச் சொன்னாள். அந்த ஞாயிறு குழந்தைத் தள்ளுவண்டிகளால் மெயின் ரோடு வரை அடைத்துக்கொண்டது. போக்குவரத்துக் காவலர் விசில் ஊதிக்கொண்டே வந்தார், வந்தவர் தன் மகளையும் அந்தக் கூட்டத்திலேயே பார்த்து விசிலைப் பையில் போட்டுக்கொண்டார். இனிமேல் ஆள் பெயரே வேண்டாம், இயற்கையில் உள்ளதை வைப்போம் என்று கலேப் சொன்னான். அந்தி நேரத்தில் நிலா என்று கூப்பிட்டார்கள். கச்சிபௌலியிலிருந்தும் கொண்டாப்பூரிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் காரில் நிலாக்களை ஏற்றிக்கொண்டு வந்தன. அவர்களோடு நிலாவும் கொஞ்சம் தாழ இறங்கி வந்து மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின்மேல் நின்றது. கொடியில் காய்ந்த துணியெல்லாம் நீலம் போட்டதுபோல இருந்தது. நீ இல்லை, மன்னிக்கணும் என்று ஜார்ஜ் மாடிக்குப் போய்ச் சொன்னபின் அது மேலே போயிற்று. குழந்தை அதையும் பார்க்கவில்லை.

இதில் கரோலின் ஒன்றைக் கற்றுக்கொண்டாள். ஒரு பொருளின் பெயரை வைத்தால் அந்தப் பொருளும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அவள் சற்றுத் துவண்டுதான் போனாள். அடுத்த முறை யாரையும் கேட்காமல் அல்லி என்று கூப்பிட்டாள். இந்தக் காலத்தில் யார் அல்லி என்று வைக்கிறார்கள் என்பது அவள் நினைப்பு. ஆனால் பழைய பெயர்களுக்கு மறுபடி மவுசு வந்துவிட்டிருந்தது, கூக்கட்பல்லியிலிருந்து பள்ளிக்கூடச் சீருடையில் சில சின்ன அல்லிகள் வந்தார்கள். எல்லோருக்கும் கடைசியாக, ஒரு ஆட்டோவில், போலாரத்தில் தனியாக இருக்கும் ஒரு வயதான அல்லி வந்து இறங்கினாள். கண் சரியாகத் தெரியவில்லை. கரோலினின் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அல்லின்னு கூப்ட்டு எவ்ளோ காலமாச்சு கண்ணு," என்றாள். "எல்லாம் ஆன்ட்டி, ஆன்ட்டி. நா ஆன்ட்டியாவே பொறந்தாப்ல."

தவறாகக் கூப்பிட்டதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. அவள் சாய்வு நாற்காலியில் ஒரு தூக்கம் போட்டுவிட்டு, திருப்தியாகப் போனாள். குழந்தை அன்று பாதி திரும்பியது. ஒரு காதும் ஒரு கண்ணும் வந்தன, பிறகு ஃபேனுக்கே போய்விட்டன. அந்தப் பாதியே கரோலினுக்குப் பெரிதாக இருந்தது. பிறகு மாடிக்குப் போனபோது இன்னொன்றையும் கவனித்தாள். பின் தெருவில் ருக்மிணி என்ற தெலுங்குக்காரியின் வீட்டு மாடியில் ஒரு சிமென்ட் தொட்டி நிறைய அல்லி பூத்திருந்தது, அதில் ஒரு இலைகூட அசைந்திருக்கவில்லை. மறுநாள் வலியப் போய், அந்தத் தொட்டியருகில் நின்று கூப்பிட்டுப் பார்த்தாள். துணி உலர்த்திக்கொண்டிருந்த ருக்மிணி சிரித்தாள்.

"மீரு எந்த பிலிச்சினா அதி வினது," என்றாள். "தானி பேரு கலுவ."

நீங்கள் எவ்வளவு கூப்பிட்டாலும் அதற்குக் கேட்காது, அதன் பெயர் கலுவ என்று அர்த்தம். ருக்மிணி கலுவ என்று சொன்னதும் தொட்டியில் இருந்த பூக்கள் நீரில் நகர்ந்து அவள் பக்கத்து ஓரத்துக்கு வந்தன. கோழிக்குஞ்சு வருவதைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துவிட்டு அவள் அடுத்த துணியை உதறினாள். கரோலின் படியிறங்கி வரும்போது யோசித்துக்கொண்டே வந்தாள். செடிகொடிகளுக்கு அந்தந்த மண்ணில் கூப்பிடுகிற பெயர்தான் தெரியும். அப்படியானால் தமிழில் மட்டும் இருக்கிற ஒரு செடியின் பெயர், இங்கே மனிதர் யாரும் வைத்துக்கொள்ளாத பெயர், ஹைதராபாத்தில் யாருக்கும் சொந்தமில்லாமல் காலியாக இருக்கும்.

பூக்களை அடுக்கி வைத்துக் கும்பிடும் பதுக்கம்மா பண்டிகை அந்த மாதக் கடைசியில் வந்தது. பூ பறிக்கப் போகும் ருக்மிணியோடு கரோலினும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். ராணுவ நிலத்துக் கம்பி வேலியை ஒட்டி, லாரி டயர்களும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடக்கும் மேட்டில், முட்டளவு செடிகள் மஞ்சளாகப் பூத்து நின்றன. கரோலினுக்கு அதைப் பார்த்ததும் தெரிந்தது. அவள் ஊரில் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம், ரயில் தண்டவாளத்தோரம், தண்ணீர் ஊற்ற ஆளில்லாத இடமெல்லாம் அதுதான். ருக்மிணி தங்கேடு என்று சொல்லிக் கூடையை நீட்டினாள். கிளைகள் தாமாகவே கூடைக்கு வளைந்தன. கரோலின் சற்றுத் தள்ளிப்போய், குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு, செடிக்கு மட்டும் கேட்கும்படி ஆவாரை என்றாள். ஒரு பூ திரும்பவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னாள். செடி யாரையோ சொல்கிறார்கள் என்பதுபோல நின்றது. கரோலின் கூடை நிறையும் வரைகூட இருக்கவில்லை, வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

வீட்டில் அதை ஏற்றுக்கொள்ள வைப்பது நிலாவைத் திருப்பி அனுப்புவதைவிடக் கடினமாக இருந்தது. ஜார்ஜ் சர்க்கரை நோய்க்கு வருஷக்கணக்காக ஆவாரம்பூப் பொடியைத்தான் தண்ணீரில் போட்டுக் குடிக்கிறார். சமையலறை அலமாரியில் அந்த டப்பா இருந்தது. சாரா அதை எடுத்து வந்து மேசையில் வைத்தாள்.

"ஷுகர் கஷாயத்து பேரு புள்ளைக்கு. கைக்கு, எதுக்குன்றேன், இந்தப் பிடிவாதம்? நாளைக்கு ஸ்கூல்ல வெந்தயம் வா, சுக்கு வான்னு கூப்புடுவாங்க. எனக்கு நக்கோ, வேணாம்."

கலேப்பும் தயங்கினான். ஸ்கூலில் டீச்சருக்கு வாயில் நுழையாது என்றான். கரோலின் பொதுவாக அந்த வீட்டில் குரல் உயர்த்தாதவள். அன்றும் உயர்த்தவில்லை. டப்பாவை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"நுழையாட்டி நல்லதுதானே. வேற யாரும் வச்சிக்கிட மாட்டாங்க. யார் வாயிலயும் நுழைய வேண்டாம் அத்தை. நான் கூப்பிட்டா எம்பிள்ள திரும்பணும். எனக்கு அவ்வளவுதான் வேணும்."

ஜார்ஜ் தன் தங்கையை நினைத்திருக்க வேண்டும். அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர், அன்றைக்குக் கஷாயம் குடிக்கவில்லை. மறுநாள் போதகர் சந்தானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். வேதாகமத்தில் தாமார் என்றால் பேரீச்சை, அத்சாள் என்றால் ஒரு நறுமணச் செடி, அதனால் செடிப் பெயரில் தனக்கு ஆட்சேபமில்லை, கோவிலுக்குள் கூட்டம் வராமல் இருந்தால் போதும் என்று போதகர் சொல்லிவிட்டார். போன மாதம் கூப்பாடு கேட்டு வந்த ஏஞ்சல்களில் அவர் மனைவியின் தங்கையும் ஒருத்தி.

ஞாயிற்றுக்கிழமை கரோலின் கேட்டுக்கு வெளியே போய் நின்றாள். இதற்குப் பிறகு அவளிடம் வேறு பெயர் இல்லை. கூடத்தில் சாரா வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள், வேண்டுமென்றே ஃபேனையும் போட்டிருந்தாள். கரோலின் கூப்பிட்டாள். தெருவில் ஒருவரும் வரவில்லை. எதிர் வீட்டு ஜன்னல் திறக்கவில்லை. போலாரம், திருமலகிரி, ஆல்வால், அதற்கப்பால் சார்மினார் வரைக்கும் யாரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு நிமிரவில்லை. ராணுவ நிலத்து மேட்டில் மஞ்சள் பூக்கள் வெயிலைப் பார்த்தபடி அப்படியே இருந்தன. அந்தக் கூப்பாடு முழுசாக, ஒரு சொட்டும் சிந்தாமல், கேட்டைத் தாண்டி, செருப்பு ஸ்டாண்டைத் தாண்டிக் கூடத்துக்குள் போயிற்று. குழந்தை ஃபேனை விட்டுவிட்டு, பாட்டியின் தோளுக்கு மேலாகத் தலையைத் தூக்கித் திரும்பி, தன் அம்மாவைப் பார்த்தது. பார்த்துவிட்டு விக்கியது.

சாரா எழுந்து ஃபேனை அணைத்தாள். பிறகு, "ஹவ், ஆமா, திரும்பிச்சு," என்றாள்.

வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கேட்டுக்கு வெளியே போய்க் கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் திரும்பியது. கடைசியாகப் போன சாரா உள்ளே வரவேயில்லை, தெரிந்தவர்கள் தெருவில் போகும்வரை காத்திருந்து அவர்களுக்காகவும் கூப்பிட்டுக் காட்டினாள். இரண்டாவது பெயராகச் சாரா என்று சேர்த்துக்கொள்ளலாம் அத்தை என்று கரோலின் மனசாரச் சொன்னபோது, அவள் கையை ஆட்டிவிட்டாள். வேண்டாம், அப்புறம் அத்தனை பேருக்கும் இவர்தான் டீ போட வேண்டும் என்றாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் அட்வென்ட் முதல் ஞாயிற்றில் குழந்தைக்கு ஆவாரை என்று ஞானஸ்நானம் ஆயிற்று. சனிக்கிழமை மாடியில் கூடும் சாராக்கள் எல்லோரும் கோவிலுக்கு வந்திருந்தார்கள். கர்னல் நாயைக் காரிலேயே விட்டுவிட்டு வந்தார்.

அடுத்த வருஷங்கள் சீக்கிரம் போயின. ஆவாரை நடந்தாள், பேசினாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொன்னாள், தெலுங்கில் கேட்டால் ஹிந்தியில். பள்ளியில் டீச்சர் அவளை ஆவா என்று சுருக்கியபோது திரும்பவில்லை, முழுசாகச் சொல்லக் கற்றுக்கொண்டபின் திரும்பினாள். கூட்டத்தில், கடைவீதியில், மழையில், பக்கத்துத் தெருவில் பந்தடித்துக்கொண்டிருக்கும்போது, எங்கிருந்து கூப்பிட்டாலும் திரும்பினாள். கரோலின் காரணமில்லாமலும் சில நேரம் கூப்பிடுவாள். என்ன என்று மகள் கேட்பாள். ஒன்றுமில்லை, போ என்பாள். அந்த வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. கரோலின் தன் பிறந்த ஊருக்குப் போகவேயில்லை. அவளுடைய அப்பாவும் அம்மாவும்தான் வருஷத்துக்கு ஒரு முறை ரயிலேறி வந்து பேத்தியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வேலை, லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையில் அந்த ஊர்ப்பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் ஆவாரைதான். அங்கே அந்தச் செடிகளுக்கு அந்தப் பெயர்தான் தெரியும். அத்தனை செடியும் பங்கெடுத்தால் மகளுக்கு என்ன மிஞ்சும் என்று அவள் பயந்தாள். ஒட்டிய பெயர் அங்கே போய்க் கரைந்துவிட்டால் மறுபடி ஒட்டுமா என்று சொல்ல யாருமில்லை.

ஆனால் தம்பி கல்யாணத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. ஆவாரைக்கு அப்போது ஐந்து வயது. லோத்குண்டா வீடே கிளம்பியது. ரயில் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதிலிருந்து யாரும் அவள் பெயரைச் சொல்லக் கூடாது என்று கரோலின் உத்தரவு போட்டாள். எல்லோரும் பாப்பா, பாப்பா என்றார்கள். ஊரிலும் அப்படியே சொல்லிவைத்திருந்தாள். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், வாசலில் பந்தல் போட்டு, ஸ்பீக்கரில் கீர்த்தனை ஓட, பின்கட்டில் பெண்கள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது, பாப்பாவைக் காணோம். ஒரு மயிலின் பின்னால் போனதாகப் பந்தல்காரர் சொன்னார். ஊருக்குத் தெற்கே தேரிக்காடு. செம்மணல் மேடும் பனையும் உடைமரமுமாகப் பல மைல் போகும், நேற்றுப் பதிந்த கால்தடம் இன்று காற்றில் இருக்காது. ஆண்கள் பைக்கை எடுத்துக்கொண்டு நாலா பக்கமும் போனார்கள். பாப்பா, பாப்பா என்று கத்தினார்கள். ஊரில் இருந்த பாப்பாக்கள் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள், அதில் இரண்டு பேருக்குப் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். வெயில் சிவந்துகொண்டே வந்தது.

"கூப்புடு கரோ," என்றான் கலேப்.

"கூப்பிட்டு அவ திரும்பாட்டி?"

"கூப்புடலன்னா எப்படியும் திரும்ப மாட்டா."

அவளுடைய அப்பா அதற்குள் டார்ச் லைட்டோடு வந்து, "ஏட்டி, தொண்டையில என்ன வச்சிருக்க, பிள்ளய விளியேன்," என்று அதட்டினார். சாரா மருமகளின் முதுகில் கையை வைத்து ஊர் எல்லைவரை கூட்டிக்கொண்டு போனாள். அங்கே கடைசி வீட்டுச் சுவர் முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில், மஞ்சளாகப் பூத்த செடிகள் தேரி வரைக்கும் நின்றன. கரோலின் ஒரே ஒரு முறை கூப்பிட்டாள். அந்த வருஷங்களில் அவள் எவ்வளவோ முறை கூப்பிட்டிருக்கிறாள், ஆனால் அன்றைக்கு மாதிரி ஒரு நாளும் இல்லை.

செடிகள் எல்லாம் திரும்பின. பக்கத்தில் நின்றது முதலில், பிறகு அதற்கடுத்தது, வயல் வரப்பு தாண்டி, தண்டவாளம் தாண்டி, ஒவ்வொரு பூவும் காம்பை முறுக்கிக்கொண்டு கரோலினைப் பார்த்தது. கூட வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். கரோலின் பயந்தது அப்படியே நடந்தது. கூப்பாடு அவ்வளவு பேருக்கும் போய்விட்டது என்று நினைத்து அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் மனிதர்கள் செய்ததை அவை செய்யவில்லை. பெயர் தனக்குத்தான் என்று யாரும் எடுத்துக்கொண்டு கிளம்பி வரவில்லை. முதல் செடி கரோலினைப் பார்த்தது, பார்த்துவிட்டு முதுகைக் காட்டித் தேரிப்பக்கம் திரும்பிக்கொண்டது. அதைப் பார்த்து அடுத்தது திரும்பியது. பந்தி நடக்கும்போது வாழை இலையை ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குக் கொடுத்துக்கொண்டே போவதுபோல, அந்தக் கூப்பாட்டைச் செடிக்குச் செடி கைமாற்றிக்கொண்டு போயின. கொஞ்ச நேரத்தில் அந்தத் தரிசு முழுவதும் மஞ்சளாக ஒரே திசையைக் காட்டிக்கொண்டு நின்றது. கலேப் அந்தத் திசையில் ஓடினான். அவன் பாதி தூரம் போவதற்குள், கடைசி மணல் மேட்டின்மேல் ஆவாரை வந்து நின்றாள். கையில் ஒரு மயிலிறகு. அம்மா இருக்கும் பக்கமாகத் திரும்பியிருந்தாள்.

அவள் நடந்து வந்தாள். அவள் கடந்து வந்த இடத்திலிருந்த செடிகள் வேரோடு ஒரு எட்டு எடுத்துவைத்து, மணலை உதறிக்கொண்டு, அவள் பின்னாலேயே வந்தன. அவசரமில்லாமல்தான் வந்தன. ஆவாரை அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டு, திரும்பி அவற்றைப் பார்த்தாள்.

"அம்மா, வீள்ளந்தா நா பேரேனா?" என்றாள். இவர்கள் எல்லோருக்கும் என் பெயரா என்று அர்த்தம்.

"ஆமாட்டி," என்றாள் கரோலின். அவளுக்கு அழுகையில் மூக்கு அடைத்திருந்தது. "எல்லாரும் உம்பேருதான்."

அப்படியானால் கல்யாணத்துக்கு வரச்சொல் என்றாள் மகள். கரோலின் சொன்னாள். சாரா, வந்தவற்றில் குட்டையாக இருந்தவற்றை முன்னால் போகவிட்டு, ஆடு கடிக்காமல் இருக்கக் கையில் ஒரு குச்சியோடு பின்னால் நடந்தாள். கல்யாணத்தன்று அவை பந்தலுக்கு இரண்டு பக்கமும் நின்றன. போட்டோ எடுத்தவர் தனி அலங்காரத்துக்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. மணமக்கள் கிளம்பினார்கள், ஹைதராபாத்காரர்களும் ரயிலேறினார்கள். ரயில் ஊரைத் தாண்டும்போது கரோலின் ஜன்னலோரம் இருந்த மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், காரணமில்லாமல்தான், மகளும் திரும்பினாள். இப்போதெல்லாம் மே மாத லீவுக்குத் தவறாமல் அங்கே போய்விடுகிறார்கள்.

வந்த செடிகளைத் திரும்பிப் போகச் சொல்ல யாருக்கும் தோன்றாததால் அவை அங்கேயே தங்கிவிட்டன. கரோலின் அப்பா வீட்டிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் தெருவை அடைத்து நிற்பது அவைதான். சாத்தான்குளம் போகும் மினி பஸ் அந்த இடத்தில் மட்டும் ஒதுங்கி, தெற்குத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. அந்தச் சுற்று முடிவதற்குள் கண்டக்டர் டிக்கெட் போட்டு முடித்துவிடுவார்.